பாறைமேல் இருபது வீடு

மாரண்ணதொட்டி காவேரிக்குக் குறை கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் தருகிறார்கள். அதே வேலையைச் சம்பளமே வாங்காமல் செய்கிறவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. காவேரி அதற்கு நீலக் கோட்டு, வலைத்தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை சகிதம் போகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சூளகிரிப் பக்கம் செல்போனுக்கு முதுகு மூடி செய்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. வெள்ளை விளக்குக்குக் கீழே மூடி வரும். சாய்த்துப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் இடது தட்டு, இல்லாவிட்டால் வலது தட்டு. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நூறு மூடி. பதினோரு வருஷமாக இதைச் செய்கிறவர், வீட்டில் சோற்றுத் தட்டையும் விளக்கில் சாய்த்துப் பார்க்கிறார் என்றால் யாரும் தப்புச் சொல்ல முடியாது. "என்னையும் ஒருவாட்டி சாய்ச்சுப் பாத்துட்டுத்தான் வெச்சிக்கிட்டா" என்று கணவர் முனிராஜ் சொல்வார். எந்தத் தட்டில் வைத்தார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மாரண்ணதொட்டி, பேரிகையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. மேலூர், காலனி என்று இரண்டு பகுதி. மேலூரில் நிலம் வைத்திருப்பவர்கள். காலனியில், அந்த நிலத்தில் காலங்காலமாக வேலை செய்துவிட்டு இப்போது கம்பெனிக்குப் போகிறவர்கள். காவேரி காலனி. இரண்டுக்கும் நடுவே ஒரு மொட்டைப் பாறை. ஊரில் எந்த வீட்டிலும், வாசலிலும்கூட, செல்போனுக்கு டவர் கிடைக்காது. பாறையில் ஏறினால் தமிழ்நாட்டு டவரும் கர்நாடகா டவரும் போட்டி போட்டுக்கொண்டு வரவேற்கும். ஆகவே பொண்ணு பார்க்கிற பேச்சு, ரேஷன் கடைத் தகவல், வட்டிக்காரருக்குச் சொல்கிற சமாதானம் எல்லாம் அந்தப் பாறைமேல்தான் நடக்கும்.

ஊரிலிருந்து காவேரியையும் சேர்த்து இருபது பெண்கள் அந்தக் கம்பெனிக்குப் போகிறார்கள். காலனியில் பதினைந்து பேர், மேலூரில் ஐந்து பேர். கம்பெனி பஸ் பேரிகைக் கூட்ரோட்டோடு நின்றுவிடும். அதனால் விடியுமுன் நாலே முக்காலுக்குக் கிளம்பி மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் யானை வந்தாலும் வரும். வராவிட்டால் நாய் நிச்சயம்.

ஒரு திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டினார்கள். இனி பஸ் நிறுத்தங்களை ஒரு செயலி முடிவு செய்யும். ஒவ்வொருவரும் அதில் தங்கள் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து நிமிஷ நடையில் இருபது பேர் வீடு இருந்தால் அங்கே நிறுத்தம். பத்தொன்பது என்றால் இல்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பட்டியல் மூடப்படும். அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு மாற்றம் கிடையாது.

காவேரி செயலியைத் திறந்து ஊர்ப் பெயரை அடித்தார். மாரண்ணதொட்டி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்றது. வரைபடத்தில் ஊர் இருக்க வேண்டிய இடத்தில் தைலமரத் தோப்பு ஒன்று பச்சையாக இருந்தது. அந்தத் தோப்பை வெட்டி ஒன்பது வருஷமாகிறது.

உதவி எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்தவர் ஓசூரைச் சேர்ந்த ஹரீஷ்குமார். செயலியைச் செய்தவரும் அவர்தான், புகார் கேட்பவரும் அவர்தான், "எங்கள் குழு உங்களைத் தொடர்புகொள்ளும்" என்கிற அந்தக் குழுவும் அவர்தான்.

"அக்கா, ஊருங்க பேரெல்லாம் நான் வெக்கல. இன்டர்நெட்ல பொதுவா ஒரு இடப்பட்டியல் இருக்குது. ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு நம்பர். பூமியில அது எங்க இருக்குதுன்னு அந்த நம்பர் சொல்லும். என்னை மாதிரி ஆப் பண்றவங்க எல்லாம் அதுலருந்து இலவசமா எடுத்துக்கறோம்."

"அதுல யாரு எழுதறது?"

"யார் வேணாலும். நீங்ககூட."

"நானா? நான் யாருங்க எழுதறதுக்கு?"

"அதைத்தான் அங்க யாரும் கேக்கறதில்ல."

காவேரிக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடித்துப் போனது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தைத் திருத்த ஏழு மேசைக்கு நடந்தவர் அவர். ஓர் ஊரையே எழுதிச் சேர்க்க யாரையும் பார்க்க வேண்டியதில்லை என்றால் அது சின்ன விஷயமா?

புதன்கிழமை பெண்கள் குழுவில் செய்தி அனுப்பினார்: 'எல்லாரும் அவங்கவங்க வீட்டு லொகேஷனை அனுப்புங்க. ஒரு ஆள்கூட விடக் கூடாது.' ஒருத்தி பாக்கியில்லாமல் அனுப்பினார்கள். வியாழக்கிழமை, டவர் நன்றாகக் கிடைக்கிற பேரிகைக் கூட்ரோட்டில் உட்கார்ந்து, இருபது வீட்டின் எண்களையும் ஒவ்வொன்றாகப் பட்டியலில் ஏற்றினார். பெயர் சரியா, எண் சரியா, புள்ளி சரியா என்று மூன்று தடவை சரிபார்த்தார். கடைசி இலக்கங்களில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம், மற்றபடி இருபதும் ஒன்றுபோல இருந்தன. கம்பெனியில் அளவுகள் இப்படி ஒன்றுபோல வந்தால் சரக்கு முதல் தரம் என்று அர்த்தம். காவேரி மனசுக்குள் இருபதையும் வலது தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது ஹரீஷ்குமாரே கூப்பிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கறன், கோவிச்சுக்காதீங்க. உங்க ஊர்ல அடுக்குமாடி இருக்குதா?"

"மாடியே ரெண்டு வீட்டுலதான்பா இருக்குது. ஏன்?"

"இருபது வீடும் ஒரே பாறைமேல நிக்குது. முப்பதடி இடத்துல. பொய் வீடுன்னு யாரோ பட்டியல்லருந்து தூக்கிட்டாங்க."

காவேரிக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. லொகேஷன் அனுப்ப டவர் வேண்டும். டவருக்குப் பாறைமேல் ஏற வேண்டும். இருபது பேரும் வழக்கம்போல ஏறி, அங்கே நின்றுகொண்டு, 'இதுதான் எங்க வீடு' என்று அனுப்பியிருக்கிறார்கள். மேலூரும் காலனியும் ஒரே பாறையில் நெருக்கியடித்துக் குடியிருந்தது மாரண்ணதொட்டி வரலாற்றில் அதுவே முதல் தடவை. அதையும் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் யாரோ முகம் தெரியாதவர் அழித்துவிட்டார்.

"இப்ப என்னா பண்றது?"

"இடத்தைக் கண்டுபிடிக்க டவரே வேணாங்க்கா. செயற்கைக்கோள் போதும். வீட்டு வாசல்ல நின்னு நம்பரைப் போன்ல சேத்து வெச்சிக்குங்க. அப்புறமாப் பாறையேறி அனுப்புங்க. ஞாயித்துக்கெழம ஆறு மணிக்குள்ள."

சனிக்கிழமை ஷிப்ட். ஆக ஞாயிறு ஒரு நாள்தான். கூடவே வந்தவர் சென்னம்மா; அதே கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர், காவேரியைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"ஆயிரத்து நூறு மூடி பாக்கற கண்ணு, ஒரு பாறையப் பாக்கல பாரு" என்றார் சென்னம்மா.

"நீயும்தான் அங்க நின்னு அனுப்புன, அக்கா."

"நான் தட்டு கழுவறவ. எனக்கென்னா தெரியும்? ஒனக்குத்தான் கோட்டெல்லாம் குடுத்துருக்காங்க."

காலனிப் பதினைந்து வீடும் பதினோரு மணிக்குள் முடிந்தது. ஒவ்வொரு வாசலிலும் காவேரி போனை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். பார்த்தவர்கள் ஏதோ பூஜை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். மேலூரில் நான்கு வாசல்களில் மோர் கிடைத்தது, காலனிக்காரர்கள் என்று தனி டம்ளரில்தான் கிடைத்தது. ஐந்தாவது நாராயணப்பன் வீடு. எட்டு ஏக்கர், இரண்டு போர்வெல், ஒரு மீசை. மருமகள் பிரியதர்ஷினி, கம்பெனிக்குப் போகிற இருபதாவது ஆள்.

"எங்க வீடு வேணாம்மா" என்றார் நாராயணப்பன். "மேப்புல ஏறுச்சுன்னா நாளைக்கே ரோடு போடறன், தொழிற்பேட்டை போடறன்னு நெலத்த எடுத்துக்குவாங்க."

"நெலத்த எடுக்கறவங்க நம்ம மேப்பையா பாக்கறாங்க?" என்றார் காவேரி. "அவங்ககிட்ட வேற மேப்பு இருக்குது. அதுல நம்மளக் கேக்காமயே ஏத்தியிருப்பாங்க."

நாராயணப்பன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். இது ஆறுதலா பயமுறுத்தலா என்று அவருக்குத் தெரியவில்லை. "சரி, பஸ்ஸு கோயில் முன்னால நிக்குமா?"

"அத கம்ப்யூட்டர்தான் சொல்லும்."

"கம்ப்யூட்டருக்கு நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க."

"பின்ன எப்படிச் சரியாச் சொல்லும்?"

"தெரியாததுனாலதான் சரியாச் சொல்லும்" என்றார் சென்னம்மா, மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு, அந்த மாட்டிடம் சொல்வதுபோல.

மணி நாலரை ஆகிவிட்டது. பத்தொன்பது வீட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அப்போது உள்ளேயிருந்து பிரியதர்ஷினி வந்தார். காவேரி கையிலிருந்த போனை வாங்கி, நிலைப்படியில் நின்று, எண்ணைப் பதிந்து, திருப்பிக் கொடுத்தார்.

"என்னாம்மா இது?" என்றார் மாமனார்.

"தெனம் மூணு கிலோமீட்டர் நடக்கறது நெலம் இல்லிங்க, மாமா. நான்."

காவேரி பாறைக்கு ஓடினார். தமிழ்நாட்டு டவர் அன்று லீவில் இருந்தது. கர்நாடகா டவர் பெருந்தன்மையாகப் பாரத்தைச் சுமந்தது. ஐந்து ஐம்பதுக்கு இருபதாவது வீடும் பட்டியலில் ஏறி, செயலியிலும் பதிவானது. ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஹரீஷ்குமாரிடமிருந்து ஒரு வரி வந்தது: 'இப்பத்தான் ஊர் மாதிரி இருக்குது.'

செயலி புதன்கிழமை புள்ளியைப் போட்டது. பதினைந்து பேர் காலனி, ஐந்து பேர் மேலூர் என்றால் பஸ் எங்கே நிற்கும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். காலனி முனை, அடிபம்பு பக்கத்தில். நாராயணப்பன் பாறையேறி உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் புள்ளிய மேலூர்ப் பக்கமா ஒரு இருநூறு மீட்டர் தள்ளி வைங்க."

"நான் வெக்கலிங்க சார். வீடுங்கதான் வெச்சுது."

"அப்ப எங்க வீட்டுக்கு மதிப்பே இல்லியா?"

"இருக்குது சார். இருபதுல ஒண்ணு."

ஒண்ணாம் தேதி காலை ஐந்து இருபதுக்கு, இருட்டோடு இருட்டாகப் பஸ் அடிபம்பு பக்கத்தில் வந்து நின்றது. காவேரி அன்று நாலரைக்கே விழித்துவிட்டார். பழகிய உடம்புக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கிடைத்த நேரத்தில் சூடாக ஒரு டீ போட்டு, உட்கார்ந்தே குடித்தார். வேலை நாளில் உட்கார்ந்து டீ குடிப்பது பதினோரு வருஷத்தில் முதல் முறை என்று முனிராஜ் சாட்சி சொல்கிறார். மேலூர்ப் பெண்கள் நான்கு பேர் நடந்து வந்தார்கள். பிரியதர்ஷினியை மட்டும் மாமனார் வண்டியில் கொண்டுவந்து விட்டார். வண்டியைவிட்டு இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை.

முதல் வாரம் அப்படித்தான். இரண்டாவது வாரம், ஆறு மாதத்துக்கொருமுறை மறுபடி ஆள் எண்ணுவார்கள், பத்தொன்பது ஆனால் நிறுத்தம் போய்விடும் என்கிற செய்தி அவர் காதுக்கு எட்டியது. மறுநாள் இன்ஜின் அணைந்தது. அதற்கடுத்த நாள் இறங்கி நின்றார். இப்போது காலனியில் யாருக்குக் காய்ச்சல், யார் வேலையை விடப் பார்க்கிறார்கள், யாருக்கு வெளியூரில் மாப்பிள்ளை அமைகிறது என்கிற விவரமெல்லாம் நாராயணப்பனுக்கு விரல்நுனியில் இருக்கிறது. பரம்பரையாக அந்தத் தெருவுக்குள் கால் வைக்காத குடும்பம் அது.

போன வியாழக்கிழமை சென்னம்மா வரத் தாமதமானது. டிரைவர் கிளம்பப் பார்த்தார். நாராயணப்பன் பஸ்ஸுக்கு முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"நில்லுப்பா, இன்னும் ஒரு ஆளு வரணும்!" பிறகு காலனிப் பக்கம் திரும்பி, "ஏம்மா சென்னம்மா, முட்டியில எண்ணெய் தேய்ன்னு நேத்தே சொன்னனா இல்லியா?"

சென்னம்மா காலை இழுத்துக்கொண்டே வந்து படியேறி, காவேரி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னாடி இவுரு, கட்டிக்குடுத்த பொண்ண விசாரிக்கற மாதிரி விசாரிக்கறாரு?"

"எண்ணிக்கை, அக்கா" என்றார் காவேரி.

பஸ் கிளம்பியது. இரண்டு பேரும் கூட்ரோடு வரும்வரை சிரித்துக்கொண்டே போனார்கள்.