பெல்ட் போடாத மூவர்

இதை எழுதலாமா விடலாமா என்று சில வருடங்களாக யோசித்தேன். இப்போதும் சாமிப் படத்துக்கு முன்னால் இருந்துதான் எழுதுகிறேன். நான் முருகனை நம்புகிறவள். பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள். வன்னிச் சண்டையில் அத்தனை சாவு பார்த்தும் ஒரு பேயைக் கண்டதில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

சிட்னியில், கிரவீனில் எங்கள் பக்கத்து வீட்டு வோல்ட்டர் அங்கிள் கறுப்பினத்தவர். அவருடைய பூட்டன் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து சிட்னியில் இறந்தவர். அங்கிளுக்குக் கண் மங்கிவிட்டது, கல்லறைக்குக் கூட்டிப்போகக் கேட்டார். வீட்டில் என் மகள் பிள்ளைத்தாச்சி, நான் சுடலைப் பக்கம் போகக்கூடாது. ஆனாலும் அவருக்கு வேறு ஆள் இல்லை.

நல்ல மத்தியான வெயில். கல்லறையடியில் அங்கிள் பூட்டனின் படையைப் பற்றிச் சொன்னார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பர்களைச் சேர்த்த காலாட்படை, பாதிப்பேர் அடிமைகளாக இருந்து தப்பி ஓடிவந்தவர்கள். முதலில் துவக்குக் கொடுக்காமல் மண்வெட்டி கொடுத்துப் பங்கர், பதுங்குகுழி வெட்டவிட்டார்கள். பிறகு ஒரு கோட்டைக்கு முன்னால் முதல் வரிசையில் நிறுத்தினார்கள். வெடிபட்டுச் செத்தவர்களைவிடக் காய்ச்சலில் செத்தவர்களே அதிகமாம். சண்டை முடிந்தும் வீட்டுக்கு விடாமல் தூர எல்லைக்குக் காவலுக்கு அனுப்பினார்களாம். பூட்டன் காய்ச்சலில் கிடந்த இரண்டு சிநேகிதரிடம் "திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், கடைசிவரை போகமுடியவில்லை.

பங்கர் என்றதும் எனக்கு வன்னியில் நாங்கள் வெட்டி ஒளிந்திருந்த பங்கர்கள் ஞாபகம் வந்தன. வெளிக்கிடும்போது வாய்ப்பழக்கத்தில், "அப்ப போட்டு வாறன் ஐயா" என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். போய்விட்டுத் திரும்பி வருவேன் என்றுதானே அதற்கு அர்த்தம். செத்தவீட்டில்கூட நாங்கள் அப்படிச் சொல்வதில்லை, பேசாமல் எழும்பி வந்துவிடுவோம்.

காரை எடுத்ததும் பெல்ட் போடச் சொல்லிக் கத்தத் தொடங்கியது. பின்சீட்டு மூன்றுக்கும் சிவப்பு விளக்கு. பின்னால் ஒருவருமில்லை. முன்னால் இருந்த அங்கிள், "இருக்கட்டும், மூன்று பேரும் நிறைய நடந்தவர்கள்" என்று மெல்லச் சொன்னார்.

அவரை இறக்கிவிட்டு எங்கள் வாசலுக்கு வர, என் கணவர் ஓடிவந்தார்.

"என்னப்பா, காருக்கு விசர் பிடிச்சிட்டுதே? ஏன் இப்பிடிக் கத்துது?"

நடந்ததைச் சொன்னேன்.

"சுடலையில போய்ப் போட்டு வாறன் எண்டனீரோ? உமக்கு மூளை கழண்டு போச்சே!"

அப்போது மகள் யன்னலால் கேட்டாள்: "அம்மா, பின்னால இருக்கிறவை ஏன் இறங்கேல்லை?"

சொன்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை அசையேல்லை அம்மா."

என் கணவர் தன் காரில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். நான் முருகா முருகா என்று கத்திக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். கல்லறையடியில் எல்லாக் கதவையும் திறந்தேன்.

"சொன்னபடி வந்திட்டன் ஐயா. இனி வரமாட்டன். இறங்குங்கோ, என்ர பிள்ளையை விடுங்கோ."

ஒரு விளக்கு அணைந்தது. இன்னொன்றும் அணைந்தது. போன் அடித்தது, அவர்தான். "அசையுதப்பா, துடிப்பு நல்லாயிருக்காம்."

பேத்தி சுகமாகப் பிறந்தாள். ஆனால் மூன்றாவது விளக்கு, நடுச்சீட்டுக்குரியது, அன்றும் அணையவில்லை, மெக்கானிக் மாற்றிப் பார்த்தும் அணையவில்லை. வெறும் சீட்டுக்குப் பெல்ட்டைப் பூட்டிவிட்டுத்தான் காரை எடுக்கிறேன். சில காலைகளில் அந்தப் பெல்ட், பெரிய ஆம்பிளை ஒருவர் கட்டிக் கழற்றியதுபோல நீளமாகத் தளர்ந்து கிடக்கும்.

இதை வேறு ஆட்களுக்குச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஆட்களின் கதையை முந்தியும் பலர் மாற்றித்தான் சொன்னார்களாம்.