கவுன்சலர் அறை பெஞ்சு

எண்பதுகளில் கோலாலம்பூரில் விரிவுரையாளராக இருந்தேன். வகுப்புக்குத் தாமதமாக வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிள்ளானிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தியிடம், "முதல்ல கவுன்சலரைப் போய்ப் பாரு, அப்புறம் கிளாஸுக்கு வா" என்று கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் அனுப்பப் பார்த்தேன்.

"பஸ் லேட்டா வந்தா கவுன்சலர் என்ன சார் செய்வாங்க?" என்று கேட்டாள். அதற்கு நான் போட்ட சத்தம் டீன் அறைவரை கேட்டிருக்கிறது.

மறுநாள் கவுன்சலர் அறைக்கு நானும் போனேன். வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எதுக்கு சார் இங்க?"

"டீன் அனுப்புனாரு."

அவள் சிரிக்கவில்லை. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

"உட்காருங்க சார். லேட்டா வந்துட்டீங்க, எனக்கு அப்புறம்தான் நீங்க."