கிரேன்காரரின் சின்ன வயிறு

அந்தக் கட்டட வேலையிடத்தில் எல்லோரும் அவரை மலையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. உயரமான கிரேன் ஓட்டுகிறவர். போன வருஷம் ஒரு காலையில், ஏணி முடிந்து கேபினுக்குள் ஏறுகிற சதுர ஓட்டையில் தோள் நுழைந்தது, வயிறு நுழையவில்லை. மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் மனிதர் தொங்கினார். இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். அன்றோடு கம்பெனி அவரை வாசல் கேட்டில் உட்கார வைத்துவிட்டது.

பாதி ஆயுளை ஆகாயத்தில் கழித்தவருக்கு, வருகிற லாரிக்கெல்லாம் கதவு திறந்துவிடுவது எப்படிப் பிடிக்கும்? நடந்து பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார். உடம்பு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தார். இரைப்பையை ஒரு முட்டை அளவுக்குச் சுருக்கி, குடலையும் மாற்றுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். சாப்பாட்டு விஷயத்துக்கென்று ஆஸ்பத்திரியில் இருந்த டயட்டீஷியன் அம்மா கண்டிப்பானவர். ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மெல்ல வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, இனிப்பு இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். மலையண்ணன் மென்ற மெல்லுக்கு இருநூறு நிச்சயம். அவர் ஒரு முட்டையைத் தின்று முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, குட்டித் தூக்கமும் போட்டு எழுந்துவிடுவார்கள். ஆனால் உடம்பு இறங்கியது. பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை விழுந்தது.

ஆபரேஷன் என்று வெளியே சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. கத்தி வைத்துக் குறைத்தது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார். “எல்லாம் நடைதான், கொஞ்சம் வாய்க்கட்டு” என்று அளந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான், ஆனாலும் நம்பினார்கள். வெல்டர் ஒருவர் தன் தொப்பையைக் குறைக்க மத்தியான வெயிலில் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். உண்மை தெரிந்தவன் மனைவியின் தம்பி ஒருவன்தான். கிரேனுக்குக் கீழே நின்று கையாலும் வாக்கி டாக்கியிலும் சிக்னல் கொடுக்கிற வேலை அவனுக்கு.

அவரைத் திரும்ப மேலே ஏற்ற சூப்பர்வைசருக்கு அரை மனசு. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு வாரம் ஓட்டட்டும், இடையில் ஏதாவது நடந்தால் கேட்தான், பிறகு யாரும் சிபாரிசுக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போனபோது மலையண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் நாள்தான் வினை. மத்தியானச் சாப்பாடு முடிந்தது, வெயில் மண்டையைப் பிளந்தது, வெல்டர் ஆசையாக ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜூஸ் நீட்டினார். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார். அதோடு, பழம்தானே, இனிப்புக் கணக்கில் வராது என்று மலையண்ணன் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். சாப்பிட்ட கையோடு மொத்தத்தையும் குடித்துவிட்டு மேலே ஏறினார்.

கொக்கியில் ஒரு கட்டு இரும்புக் கம்பி அந்தரத்தில் தொங்கும்போது ஆரம்பித்தது. முதலில் குப்பென்று வியர்வை. அப்புறம் நெஞ்சு படபடப்பு, கண்ணில் லேசான இருட்டு. வயிற்றுக்குள் யாரோ மூட்டை முடிச்சு கட்டிப் புறப்படுகிற சத்தம். கம்பிக் கட்டை இறக்காமல் எழுந்திருக்க முடியாது. கம்பிக்குக் கீழே ஆட்கள். இறங்கினால் கேட். இறங்காவிட்டால் அதைவிட அசிங்கம்.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் அவர் தொடை நாற்காலியை அடைத்துக்கொண்டிருக்கும். இப்போது பக்கத்தில் தாராளமாக இடம். அந்த இடுக்கில் வாக்கி டாக்கி சரிந்து, பேசுகிற பொத்தான் அழுந்திக்கொண்டது. அது தெரியாமல் அவர் வயிற்றிடம் பேச ஆரம்பித்தார்.

“டேய், உன்ன அறுத்துத் தைக்க நான் ஆஸ்பத்திரியில எவ்வளவு நாள் கிடந்தேன்? முட்டை சைசுல இருந்துக்கிட்டு இவ்வளவு ஆட்டம் போடறியே. கம்பிய இறக்கிக்கறேன்டா, அதுவரைக்கும் பொறுத்துக்கோ.”

வேலையிடம் முழுக்கக் கேட்டது. நுணலும் தன் வாயால் கெடும். மற்றவர்களுக்கு மானம் கப்பல் ஏறும். இவருக்குக் கிரேனே ஏறிவிட்டது. பொத்தான் அழுந்தியிருந்ததால் மச்சினன் கத்தியது அவருக்கு எட்டவில்லை. கீழே அவன் இரண்டு கையையும் ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். கம்பியைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, இவர் இன்னும் நிதானமாக, பூப்போல அதைத் தரையில் வைத்தார். எஞ்சினை நிறுத்தினார். தலைசுற்றல் அடங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுத்தான் ஏணியைப் பிடித்தார்.

தரையில் கால் வைத்தார். கழிப்பறை வரைக்கும் ஆட்கள் விலகி வழி விட்டிருந்தார்கள். வெல்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் மலையண்ணனுக்கு விஷயம் புரிந்தது. புரிந்து வெட்கப்படக்கூட அவகாசம் இல்லை.

வெளியே வந்ததும் சூப்பர்வைசர் கூப்பிடுவதாக மச்சினன் சொன்னான். “மாமா, நானும் வரட்டுமா?” என்று கேட்டான். வேண்டாம் என்று தனியாகப் போனார். கேட்டில் இருந்த அந்த பிளாஸ்டிக் நாற்காலி கண்ணுக்குள் வந்து நின்றது.

சூப்பர்வைசர் கதவைச் சாத்தினார். உட்காரச் சொல்லி, நடந்ததை முழுக்கக் கேட்டார். மயக்கம் வந்தும் சுமையை ஒழுங்காக இறக்கினது சரி, ஜூஸ் குடித்தது தப்பு, இனி மேலே ஏறுகிற நாளில் என்ன சாப்பிட்டார் என்று மச்சினன் பார்த்துச் சொல்ல வேண்டும், நாளைக்கு வழக்கம்போல ஏறலாம் என்றார். மலையண்ணன் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

“இருங்க” என்றார் சூப்பர்வைசர். எழுந்து போய் ஜன்னலையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மேஜையை இடித்துக்கொண்டிருந்த தன் வயிற்றை ஒரு தடவை குனிந்து பார்த்தார். குரல் பாதியாகிவிட்டது.

“ரொம்ப வலிக்குமாண்ணே?”