பிரசங்கத்தில் நான் விழுங்கிய இரண்டு தாள்கள்

சுனாமிக்கு முந்தின வருஷக் கோடை. சாயல்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய எங்கள் ஊரில் மாதா கோயில் உண்டு, ஊரோடு தங்கும் சாமியார் கிடையாது. அவர் மாதத்தில் ஒரு ஞாயிறு பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியாராகிய நான்தான் ஜெபம் நடத்த வேண்டும். பிரசங்கத்தைச் சொந்தமாகச் செய்யக் கூடாது. அவர் கொடுத்ததை வாசிக்க வேண்டும். என் வாயை அவிழ்த்துவிட்டால் நடுவில் ஜோக் சொல்லிவிடுவேன் என்பது அவருடைய அனுபவம்.

அந்த முறை ஐந்து ஜெராக்ஸ் தாள் கொடுத்தார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஆயர் ஒருவரின் பிரசங்கம். திருச்சபைத் தந்தையரில் ஒருவராம். "முன்னாடியே ஒருக்கா வாசிச்சுப் பாத்துக்கங்க" என்றார். தலையை ஆட்டினேன். அத்தனை பழைய மனிதருக்கு நம் ஊர்ச் சமாசாரம் என்ன தெரியப்போகிறது என்று அலமாரியில் போட்டுவிட்டேன்.

அந்த வருஷம் ஊர்ச் சமாசாரம் என்றால் தண்ணீர்தான். பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டித் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி ஒரு குடம் நிரப்புவதற்குள் பாதிப் பகல் போய்விடும். என் கொல்லைக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். அதற்குத் தகர மூடி போட்டுப் பூட்டியிருந்தேன். கேட்டவர்களிடம், "பிள்ளைக விழுந்துரும்ல" என்பேன். என் பிள்ளைகளோ கல்யாணம் முடித்து வெளியூர் போயிருந்தார்கள்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா குடத்தோடு வந்தார். கருவாடு காயவைத்துப் பிழைக்கிறவர், கணவர் இல்லை. "கிணத்துல ஒரே கலங்கலா கெடக்குக்கா, தெளியட்டும்" என்றேன். அவர் மூடியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், திரும்பிப் போனார்.

மறுநாள் பிரசங்கத்தை வாசித்தேன். பணக்காரன் வாசலில் கிடந்த ஏழையின் கதை. ஏழைக்கு இருமல்கூட வைத்து அருமையாக நடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தாளில் ஆயர் கதையை நிறுத்திவிட்டார். பணக்காரன் அடுத்தவன் பொருளைத் தொடவில்லையே, பின் என்ன குற்றம் என்று அவரே கேட்டு, தன்னிடம் இருப்பதை இல்லாதவனுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் திருட்டுதான் என்று அவரே பதிலும் எழுதியிருந்தார். வாய்க்கு முன்னால் கண் ஓடிப் பார்த்துவிட்டது. மூன்றாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினேன். கடைசித் தாளில் அரை வாக்கியமும் ஒரு ஆமெனும்தான் இருந்தன. பதற்றத்தில் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கி, நடுவழியில் மாதா மன்றாட்டுக்குத் தாவிவிட்டேன். பாதிப் பேர் அதிலும், பாதிப் பேர் இதிலுமாக நின்றார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் வியர்த்துக்கொண்டிருந்தேன். ஊர் சிரித்தது. சிரிக்க வைத்ததில் தப்பித்தேன் என்று நினைத்தேன், வெட்கங்கெட்டவன்.

அடுத்த ஞாயிறு சாமியார் வந்தார். பூசை முடிந்து வாசலில் நின்று, போன வாரப் பிரசங்கம் எப்படி என்று எல்லாரையும் கேட்டார்.

"நல்லாருந்துச்சு சாமி" என்றார் அக்கா. "ஆனா அந்தப் பணக்காரன் என்ன தப்புப் பண்ணான்னுதேன் வெளங்கல. உபதேசியாருக்கு அன்னைக்கு அவசரம் போல."

"அப்ப இப்ப வாசிங்க உபதேசியாரே."

"தாளு வீட்ல கெடக்கு சாமி."

"எடுத்துட்டு வாங்க. நாங்க இங்கனதான் இருப்போம்."

எடுத்து வந்து வாசித்தேன். இருமல் இல்லை, நடிப்பு இல்லை, ஒரு வரியும் விடவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் மணலையே பார்த்தார்கள். பார்த்திருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் அக்கா வந்தார். நானே ஓடிப் போய்ப் பூட்டைத் திறந்தேன். முகத்தில் பெரிய தர்மவான் களை. அப்போதுதான் அவர் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குடங்களைக் கண்டேன். என் வாய் என்னைக் கேட்காமலே, "ரெண்டு கொடமாக்கா?" என்றது.

"எம்புட்டுன்னு அந்தத் தாள்ல போடலையாக்கும்?" என்றார் அவர்.

வாளிக்கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் இரண்டையும் நிரப்பிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கேட்டவர் எவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் கேட்க வேண்டியிருந்தது; சாவி என் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கியது. பூட்டைக் கழற்றி எறிந்தது ஐப்பசி மழை கொட்டிய பிறகு. அதற்குள் ஊற்றெல்லாம் நிரம்பி, என் கிணற்றுத் தண்ணீர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.