தலை வைத்த இடம்

பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை வாசனையும் டர்பன்டைன் நெடியும் ஒன்றாகக் கலந்து எங்காவது மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்கு, யாருக்கோ செய்யக் கூடாத ஒன்றைச் செய்துவிட்டு வந்து நிற்பது போல இருக்கும். இத்தனைக்கும் அது ஒரு நல்ல காரியத்தின் வாசனை. என் அப்பா மிகவும் ஒழுங்காகவும் மிகவும் அன்பாகவும் செய்த ஒரு வேலையின் வாசனை. அதை நினைத்தால்தான் மனசு ஆறுவதில்லை.

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாமே ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பழைய செய்தித்தாள்கள் விரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரு முழுக்கச் சுவர் சுரண்டும் சத்தம்தான் கேட்கும். கூலிக்கு ஆள் வைத்து அடிப்பவர்களை அப்பாவுக்குக் கண்டாலே ஆகாது. துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அவர், சாயம் அடிப்பதில் மட்டும் ஒரு டாக்டரைப் போல நடந்துகொள்வார். மழையில் பிடித்த பாசியை முதலில் கழுவ வேண்டும், உப்பி நிற்கிற பழைய சாயத்தைத் தகட்டால் சுரண்ட வேண்டும், ஓட்டை வெடிப்புகளைப் பூசி அடைத்து "கெர்த்தாஸ் பாசிர்" என்று நாங்கள் சொல்லும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், மத்தியானம் மழை இறங்குவதற்குள் முதல் பூச்சை முடித்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சுவர் உள்ளுக்குள் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அவர் உள்ளங்கையை நம்ப மாட்டார், கன்னத்தை வைத்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் கன்னம் பதித்து அவர் நிற்பதைப் பார்த்தால், சுவர் ஏதோ ரகசியம் சொல்வது போலவும் இவர் கேட்டுக்கொள்வது போலவும் இருக்கும். "ஈரத்து மேல அடிச்சா சாயம் நம்மள ஏமாத்திடும்" என்பார்.

அடுத்த வீட்டு சந்திரன் அங்கிளுக்கு இந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். பனியனைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக வாளிக்குள் தூரிகையை விடுகிற ஆள். இருந்தாலும் வருஷா வருஷம் இரண்டு வீட்டையும் இரண்டு பேரும் சேர்ந்துதான் அடிப்பார்கள், ஒரே நிறத்தில். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரே பெரிய வீடு என்றுதான் தோன்றும்.

அங்கிளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுத் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு, வாசலில் போட்டிருக்கும் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, தலையைப் பின்னால் இருக்கும் சுவரில் வைத்து உட்கார்ந்துவிடுவார். இருட்டும் வரைக்கும் அங்கேதான். அந்த இடத்தில் ஒரு தோசை அளவுக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதன் மேல் அங்கிளே சாயம் அடிப்பார். தீபாவளி பலகாரம் தீர்ந்து முடிவதற்குள் அது மஞ்சளாக மறுபடியும் எட்டிப் பார்க்கும். எண்ணெய் இறங்கிய சுவரில் வெறும் சாயம் நிற்காது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, கறையை மேலே வரவிடாமல் அடைக்கும், டர்பன்டைன் கலந்த சீலரை அடியில் அடித்து, அதற்கு மேல்தான் சாயம் போட வேண்டும். அப்பா இதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

"சந்திரா, ஒன் தல மறுபடியும் வந்துடுச்சு பாரு."

"வந்துட்டுப் போவுது. வீட்டுக்காரன் தலதானே?"

"ஒரு வருஷம் இல்ல ஒரு வருஷம் சீலரப் போட்டு அமுக்கிடுறேன் பாரு."

"அமுக்கு மாணிக்கம், அமுக்கு. நானா, ஒன் சீலரான்னு பாத்துடுவோம்."

இதை ஒவ்வொரு வருஷமும் புதுசாகச் சொல்வது போலச் சொல்லிச் சிரிப்பார்கள். பரிமளம் ஆன்டி, அங்கிளின் மனைவி, உள்ளேயிருந்து "ஆமா, ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல" என்று ஒரு குரல் கொடுப்பார்.

அந்தச் சந்திரன் அங்கிள் ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிச் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரைக்கும் தீபாவளி கிடையாது, சுவருக்குச் சாயம் கிடையாது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டையும் அப்பா அடிக்கவில்லை. "பக்கத்துல அப்படிக் கெடக்கும்போது நமக்கு என்ன பளபளப்பு?" என்றார். அம்மா செய்த முறுக்கையும் அதிரசத்தையும் சத்தமில்லாமல் ஆன்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவ்வளவுதான் அந்த வருஷத்துத் தீபாவளி.

வருஷத் திதிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, உடம்பு சரியில்லாத அக்காவைப் பார்க்க ஆன்டி ஈப்போவுக்குப் போனார். அங்கிள் படத்துக்கு விளக்கேற்றச் சொல்லி வீட்டுச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. திதி முடிந்தால் துக்கம் கழிகிறது. சொந்தபந்தம் எல்லாம் வரும். பாசி படிந்த சுவரோடு அந்த அம்மா எல்லார் முன்னாலும் நிற்க வேண்டுமா? ஊரிலிருந்து திரும்பி வரும்போது முன்சுவர் புதுசாக இருக்கட்டுமே.

"கேட்டுட்டுச் செய்யலாமே" என்றார் அம்மா.

"கேட்டா வேணாம்னுதான் சொல்லும். சந்திரன் இருந்தா செஞ்சிருக்க மாட்டானா?"

அன்று அம்மா இன்னும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு அவரே பல தடவை சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

அந்த முறை அப்பா எதிலும் குறை வைக்கவில்லை. தௌக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஹார்ட்வேர் கடை முதலாளி சீனர். எங்கள் தெரு ஆட்களோடு பேசிப் பேசியே தமிழ் பழகியவர். அவர் ஒரு டின்னைத் தட்டிக் காட்டி, "இது போட்டா கறை வராது, அண்ணே. நல்ல சாமான் லா" என்றார். நானும் கூடப் போனேன். அந்தக் கறையைத் தேய்த்தது நான்தான். பாத்திரம் கழுவும் சோப்பை வெந்நீரில் கரைத்து, தேங்காய் நாரால், அப்பா போதும் என்று சொல்லும் வரைக்கும் தேய்த்தேன். நாரிலிருந்து வடிந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மறுநாள் அப்பா அந்த இடத்தில், சரியாக அங்கிள் தலை வைக்கிற இடத்தில், கன்னத்தை வைத்து நெடுநேரம் நின்றார். பிறகு சீலரை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அடித்தார். "செயிச்சுட்டேன்டா சந்திரா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அதில் ஒரு திருப்தி இருந்ததை நான் கேட்டேன்.

ஆன்டி வந்து இறங்கிய மாலையில் நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம். பையைக் கூடக் கீழே வைக்காமல் அவர் சுவரைப் பார்த்தார். நாற்காலிக்குப் பின்னால் அவர் பார்வை போய் நின்றது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என் தோளைப் பிடித்திருந்த அம்மாவின் கை இறுகியது. ஆன்டி மெல்லச் சிரித்தார்.

"நல்லா இருக்குண்ணே. அவரு தல வச்ச எடமும் பரவால்ல, எப்படியும் வந்துடும். என்னைக்கு ஒங்க சாயத்துக்கு அடங்கியிருக்கு?"

அப்பாவின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆன்டி காத்திருக்க ஆரம்பித்தார். திதி முடிந்தது, வந்தவர்கள் எல்லாம் சுவரைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலமானால் ஆன்டி வாசலுக்கு வந்து நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அந்த இடத்தைப் பார்ப்பார். வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும் என்று பக்கவாட்டில் நின்றும் பார்ப்பார். வேலியோரம் அம்மாவைக் கண்டால், "இன்னும் வரலியே அண்ணி. போன தடவ சீக்கிரமே வந்துடுச்சே" என்பார். அம்மா "மழ நாளு பாருங்க" என்று எதையாவது சொல்லி வைப்பார். அப்பாவோ முன்வாசல் வழியாக வருவதையே விட்டுவிட்டார். பின்சந்தில் லோரியை நிறுத்திவிட்டு, தம் சொந்த வீட்டுக்குத் திருடனைப் போலச் சமையலறை வழியாக நுழைவார். சாப்பாடு இறங்கவில்லை. சாயம் வெளுக்கலாம், உரியலாம். அந்தக் கறை மட்டும் இனி வராது என்பது அந்தத் தெருவில் அவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால், வழக்கம் போல வெறும் சாயத்தைப் பூசியிருந்தால், அது இந்நேரம் வந்திருக்கும்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, தனியாகப் போகத் தைரியம் இல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். ஆன்டி வாசலில்தான் இருந்தார்.

"தங்கச்சி, அது வராது."

"எது அண்ணே?"

"சந்திரன் தல வச்ச எடம். சோப்பு போட்டுக் கழுவி, சீலர் அடிச்சிட்டேன். ரெண்டு தடவ. இனிமே வராது."

ஆன்டி சுவரைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். "அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு, மாணிக்கம் என்னைக்காவது ஒரு நாளு செயிச்சிடுவான்னு" என்றார். அழுதது அப்பாதான். பெரிய ஆள் ஒருவர் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. உப்புத்தாள் போட்டு மெதுவாகச் சுரண்டிப் பார்க்கிறேன் என்று என்னென்னவோ சொன்னார்.

"வேணாண்ணே. கழுவியாச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அடியில என்ன இருக்கப் போவுது?" என்ற ஆன்டி, "ஒக்காருங்க, டீ போடுறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அன்று அவர் திட்டியிருந்தால் அப்பா தப்பித்திருப்பார். அந்த டீயைக் குடித்துவிட்டு வந்ததுதான் அவரை வாழ்நாள் முழுக்க வாட்டியது. அடுத்த நாளிலிருந்து அப்பா எங்கே உட்கார்ந்தாலும் தலைக்குப் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டார். வாசல் நாற்காலி, கூடத்து நாற்காலி, கட்டில் தலைமாடு, எங்கேயும் துண்டு. அம்மா அதைச் சனிக்கிழமைதோறும் அதே எலுமிச்சை சோப்பில் ஊறவைத்துத் துவைப்பார், எண்ணெய் வேறெதற்கும் போகாது என்று. வயதானவருக்குச் சுத்தத்தில் பித்து என்று நாங்கள் பிள்ளைகள் கேலி பேசினோம். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கறையைத் தேய்த்த கை என்னுடையது.

போன வருஷம் அப்பா போனார். பரிமளம் ஆன்டி எப்போதோ வீட்டை விற்றுவிட்டுச் செராஸில் மகளோடு இருந்தவர், தள்ளாடிக்கொண்டு வந்தார். அப்பாவை எடுத்துப்போன பிறகு பெண்கள் நாங்கள் மட்டும் இருந்தோம். ஆன்டி வாசலுக்குப் போய் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் சுவரைத் தடவினார். இங்கேயும் அங்கேயும் தடவினார். சுவர் ஒரு கறையும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. நாற்காலி முதுகில் கிடந்த துண்டை எடுத்து முகர்ந்தார். முந்தைய நாள் சனிக்கிழமை; வெயிலும் சோப்பும்தான் மணத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தன வருசமாவா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நான் அவர ஒரு வார்த்த சொல்லலியேம்மா. திட்டியாவது தொலைச்சிருக்கலாமே நான்" என்று அந்தத் துண்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

இந்த மாதம் எங்கள் வருஷம் திரும்பியது. அங்கிள் வீட்டை வாங்கியவர்கள் முன்சுவர் முழுக்கக் கல் பதித்துவிட்டார்கள். தெருவில் இப்போது யாரும் தாங்களே சாயம் அடிப்பதில்லை, நானும்தான். சாயம் அடிக்க வந்த தம்பி அப்பா உட்காரும் இடத்தைக் கையால் துடைத்துப் பார்த்து, "இங்க கறையே இல்லக்கா, சீலர் தேவைப்படாது" என்றார். தேவையில்லைதான். அப்பா இருந்தால் அடித்திருப்பார் என்று சீலரையும் அடிக்கச் சொன்னேன்.

அந்த நாற்காலியில் இப்போது அம்மா உட்காருகிறார். நேற்று தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தவர், பழக்கதோஷத்தில் துண்டை மடித்துப் பின்னால் வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

"சாஞ்சு ஒக்காருங்கம்மா."

"புதுச் சொவருடி. அழுக்காயிடும்."

"ஆவட்டும்மா."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். தலை சுவரில் படாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். இன்று மாலையும் அப்படித்தான். அவர் எழுந்து உள்ளே போனதும் நான் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, வெயில் சாய்வாக விழும் பக்கம் நின்று, அம்மாவின் தலை பட்டிருக்குமா என்று சுவரைப் பார்க்கிறேன். இன்னும் வரவில்லை.