முத்துப் பட்டணத்து முடிச்சு

கோமளத்தின் கைகள் கயிற்றில் இருந்தன. கணவன் முனியப்பனின் அக்குளுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டு, முழங்காலை முட்டுக் கொடுத்து இழுத்துப் பார்த்தாள். முடிச்சு நகரவில்லை. திருப்தி இல்லாமல் அவிழ்த்து மறுபடியும் போட்டாள்.

"பாத்தீங்களா சிஸ்டர், கசாப்புக் கடைக்குப் போற ஆடு மாதிரி கட்டறா," என்றான் முனியப்பன் என்னிடம்.

"ஆடு இவ்ளோ பேசாது. கையத் தூக்கு," என்றாள் அவள்.

அது 1957 கோடை. மர்பி டவுனில் அடுத்தடுத்த வீடுகளில் டைபாய்டு. அந்த வட்டாரத்துக்கு வீடு வீடாகப் போகும் நர்ஸ் நான். பொதுக் கிணற்றில் தூர் எடுக்காமல் மருந்து கொட்டுவது வீண் என்று சொல்லியிருந்தேன். முனியப்பன் கிணறு வெட்டுகிறவன். சுவரில் பதித்த கல்லில் கால் வைத்து, கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி இறங்குவதுதான் அவன் வழக்கம். உடம்பில் கட்டிக்கொள்வதை அவமானமாக நினைத்தான். அன்று கட்ட விட்டதற்குக் காரணம், கோமளம் கயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்ததுதான்.

அந்த முடிச்சை அவள் கற்றது அரபு நாட்டுக் கடலோரத்துச் சிறு பட்டணம் ஒன்றில். ஊரின் பெயர் எங்கள் நாக்கில் நுழையவில்லை. முத்துப் பட்டணம் என்றே சொல்லிவந்தோம். இங்கே மிலிட்டரி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பழகியவளை ஒரு எண்ணெய்க் கம்பெனி டாக்டர் 1950இல் அங்கே கூட்டிப் போனார். ஐந்து வருஷம் இருந்தாள். திரும்பி வந்து முனியப்பனைக் கட்டிக்கொண்டாள்.

அந்த ஊருக்கு முன்னால் உப்புக் கடல், பின்னால் மணல். குடிதண்ணீர்கூடப் படகில் வர வேண்டும். அரிசியும் துணியும் பம்பாயிலிருந்து போகும். படகு கட்டத் தேக்கு மலையாளக் கரையிலிருந்து. கடைத்தெருவில் புழங்குவதும் நம் ரூபாய்தான். இத்தனைக்கும் ஈடாக அந்த ஊர் கொடுத்தது முத்து மட்டும். வெயில் காலம் முழுக்க ஆண்கள் கடலில் கிடப்பார்கள். நகுதா எனப்படும் படகுத் தலைவன் புறப்படுமுன் குடும்பத்துக்கு அரிசியும் பேரீச்சம்பழமும் முன்கடனாகக் கொடுப்பான். சீசன் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் அப்படியே நிற்கும். அப்பன் செத்தால் பிள்ளை அதே படகில் ஏற வேண்டும்.

பிறகு ஜப்பானில் சிப்பியை வளர்த்தே முத்து எடுக்க ஆரம்பித்தார்கள். விலை சரிந்தது. படகுகள் கரையில் காய்ந்து பிளந்தன. கோமளம் போனபோது எண்ணெய்க் கம்பெனி வந்துவிட்டது; முத்துக் குளித்தவர்கள் கம்பெனிக்குக் குழாய் சுமந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஆழத்தில் செவிப்பறை கிழிந்த பழைய குளிகாரர்கள். இந்த முடிச்சை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் கத்தித்தான் பேச வேண்டும். அதே குரலோடு ஊர் திரும்பியவளைச் சண்டைக்காரி என்றார்கள் இங்கே.

அவளை அங்கே வியக்க வைத்தது கயிற்றுக்காரனின் பங்கு. குளிப்பவனுக்கு மூன்று பங்கு என்றால், மேலே நின்று அவனை இழுப்பவனுக்கு இரண்டு. அதற்கு அவன் புகை பிடிக்கக் கூடாது, பேசக் கூடாது, கயிற்றை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

இந்தக் கிணற்றடியில் எங்கள் கயிற்றுக்காரன் கோமளத்தின் தம்பி கோவிந்தப்பா. ஜட்கா வண்டி ஓட்டுகிறவன். கோமளம் அவன் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி எறிந்தாள்.

"மச்சான்," என்றான் முனியப்பன், "நான் ரெண்டு தபா கயித்த ஆட்டினாதான் இழுக்கணும். உங்கக்கா பேச்சக் கேட்டு முன்னாடி இழுத்தே, அப்புறம் உன் வூட்ல கை நனைக்க மாட்டேன், ஆமா."

"சரி மாமா."

உள்ளே காற்று நல்லதா என்று பார்க்க, முதலில் அரிக்கேன் விளக்கை இறக்கினோம். அடிவரை நன்றாக எரிந்தது. முனியப்பன் இறங்கினான். சேறு வாளி வாளியாக மேலே வந்தது. பிறகு வாளி நின்றது. மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சேறு எப்படி இருக்கு?" கோமளம் குனிந்து கத்தினாள்.

"உன் சமையல் மாதிரி இருக்கு!"

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுத்து, "காலு எங்க நிக்குது?" என்று கேட்டாள்.

"உன் சமையல் மாதிரி இருக்கு!"

மறுபடியும் சிரிப்பு. மண்வெட்டிச் சத்தம் இப்போது இல்லை. "மேல வர்றியா?" என்றாள்.

"உன் சமையல்... உன் சமையல்..." கீழே அவனே சிரித்தான். மயக்க மருந்து ஏறும்போது சிலர் இப்படித்தான் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். சேற்றைக் கிளறியதில் அடியில் அடைந்திருந்த கெட்ட காற்று வெளியே வந்துவிட்டது.

"டேய், இழு!" என்றாள் கோமளம் தம்பியிடம்.

"மாமா ஆட்டவே இல்லியேக்கா. சும்மா இழுத்தா மனுசன்..."

"ஆட்டறதுக்குக் கை அவன் சொன்னத கேக்கணும்டா! இழு!"

அவன் தயங்கியபோதே அவள் கயிற்றில் கை போட்டுவிட்டாள். நானும் பிடித்தேன். பிறகுதான் கோவிந்தப்பா இழுத்தான். ராட்டினம் கிரீச்சிட்டது. பாதி தூரத்தில் உடம்பு துவண்டு, முழு எடையும் கயிற்றில் தொங்கியது. கையால் மட்டும் பிடித்திருந்தால் அந்த இடத்தில் அவன் போயிருப்பான்.

அப்புறம் கயிறு நின்றது. தோள் ஒரு படிக்கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. "நான் எறங்கி எடுக்கறேன்," என்று கோவிந்தப்பா கிணற்றுச் சுவரில் கால் போட்டான். அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன். ஒரு உடம்பு போதும், இரண்டு வேண்டாம்.

"ஒரு முழம் விடு," என்றாள் கோமளம்.

"கீழயா? அக்கா, கீழயா?"

"விடுடா."

விட்டோம். உடம்பு ஆடி, சுவரை விட்டு விலகியது. "இப்ப!"

வெளியே எடுத்தபோது உதடு நீலம். குப்புறப் போட்டேன். தலைமாட்டில் மண்டியிட்டு, முதுகை அழுத்தி, முழங்கைகளைத் தூக்கி, மறுபடியும் அழுத்தி... எத்தனை முறை என்று எண்ணவில்லை. கோமளம் அழவில்லை, அவன் வாயிலிருந்த சேற்றை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். ஒரு இருமல் வந்தது. வாந்தி வந்தது. வாந்தி நல்லது.

கண் திறந்தவன் மைத்துனனைத் தேடினான். "நான் ஆட்டினேனாடா?"

கோவிந்தப்பா அக்காவைப் பார்த்தான்.

"ஆட்டல," என்றாள் கோமளம். "அதான் இழுத்தோம்."

அடுத்த நாள் காலை, மார்பில் கயிற்றுத் தடம் வீங்கியிருக்க, முனியப்பன் மண்வெட்டியோடு கிணற்றடிக்கு வந்து நின்றான். அரை வேலையில் விட்டால் ஊர் சிரிக்குமாம். கோமளம் அவனிடம் கயிற்றைக் கொடுத்தாள்.

"நீ கயிறு பிடி."

"யாரு எறங்கறது? உன் தம்பியா?"

"வாளி எறங்கும்."

புங்கங்கிளைகளைக் கட்டாகக் கட்டி, மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலைத்தார்கள். பிறகு கனமான இரும்பு வாளியைச் சரித்து இறக்கி, மேலேயிருந்தே சேற்றை வழித்தார்கள். மதியத்துக்குள் முக்கால்வாசிதான் வந்தது. மீதிக்காக யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லி, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினேன்.