மாமாவின் முகமும் ஆடிக் காற்றும்

எங்கள் ஊர்க் கபடித் திடலுக்குக் கூரை போட்டது நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும்.

அருப்புக்கோட்டையில் வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். திருச்சுழி சாலையில் இருக்கும் எங்கள் ஊரில் வருடாவருடம் ஆடியில் மாநிலக் கபடிப் போட்டி நடக்கும். ஒரு வருடம் இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டி, ஆட்டத்தையே மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிசைந்து வைத்த மாவைப் பார்த்தபடி பரோட்டாக் கடைக்காரர் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எந்நாளும் மழைக்கு ஏங்குகிற ஊர், அன்று மழையைத் திட்டித் தீர்த்தது.

அதன் பிறகுதான் ஊர் கூடிக் கூரை போட முடிவெடுத்து, வேலையை என்னிடம் கொடுத்தது. காற்றுக்குக் கூரை நிற்கவில்லையென்றால் இந்தப் பக்கமே இனி வரமாட்டோம் என்று போட்டி நடத்துகிற சங்கத்தார் சொல்லிவிட்டார்கள்.

கூரையைத் தாழ்வாக இறக்கி, மேற்கிலும் கிழக்கிலும் ஆள் உயரத்துக்கு இடைவெளி விட்டேன். மேற்கே நுழைகிற காற்று கிழக்கே வெளியேற வேண்டும். வழியில்லையென்றால் தகரத்தைத் தூக்கிவிடும். இதைக் கமிட்டித் தலைவரிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். முறைக்கு அவர் எனக்கு மாமா. தலையாட்டுவதில் மன்னர்.

கூரை போட்ட வருடம், இறுதி ஆட்டத்தன்று மாலை வந்து பார்த்தால், கிழக்கு இடைவெளி முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ். நடுவில் மாமா கைகூப்பிச் சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன மாமா இது? காத்து எங்கிட்டுப் போகும்?"

"ஒரு நாளுதானம்மா. செலவழிச்சவன் மூஞ்சி தெரிய வேணாமா?"

கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்க்க ஆள் தேடுவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது, காற்றும் எழுந்துவிட்டது. தகரம் தடதடத்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். சனம் வாசல் பக்கம் நகர்ந்தது.

"எல்லாரையும் வெளிய அனுப்புங்க. மிச்சத்த மதுரையில வச்சுக்குவோம்" என்றார் சங்கத்துக்காரர்.

வெளியே வரிசையாக நின்ற கடைகளை நினைத்தேன். என் பட்டறையின் பேரை நினைத்தேன். பையிலிருந்த பிளேடை எடுத்துக்கொண்டு கிழக்குக் கேலரியின் மேல் படிக்கு ஓடினேன்.

முதலில் வாழ்த்து எழுத்துகளில், காற்று புகுந்து போகும்படி பெரிய பெரிய பிறைகளாக வெட்டினேன். அடுத்து நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் தடதடப்பு கொஞ்சம் தணிந்தது. கடைசியில் மாமாவின் முகம் மட்டும் உப்பிக்கொண்டு நின்றது.

"ஏம்மா, என் மூஞ்சியவா கிழிக்கப் போற?" என்று கீழேயிருந்து கத்தினார்.

"ஆமா மாமா" என்று சொல்லிவிட்டு, மீசைக்குக் கீழே பிளேடை வைத்து, ஒரு காதிலிருந்து மறு காது வரை இழுத்தேன்.

அந்த வாய் வழியாகக் காற்று வெளியேறியது. தகரம் அடங்கியது. வாசலுக்குப் போன சனம் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தது. நடுவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி நின்றார், பிறகு விசில் ஊதினார். பின்னாலேயே மழை கொட்டியது. ஆடுகளத்தில் ஒரு சொட்டு விழவில்லை.

பரோட்டாக் கடையில் மாவு தீர்ந்து, அருப்புக்கோட்டைக்கு ஆள் ஓடியது. நரிக்குடியிலிருந்து வந்த ஆட்டுக்கறி இருட்டுவதற்குள் காலி. டவுன் லாட்ஜில் இடம் கிடைக்காதவர்களை எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தங்க வைத்தோம். அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

மாமா வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த ஆடி பிறந்ததும், கக்கத்தில் சுருட்டிய ஃப்ளெக்ஸோடு பட்டறைக்கு வந்தார். தரையில் விரித்தார். அதே கைகூப்பு, அதே சிரிப்பு, ஆனால் ஓரமாக, சின்னதாக. நடுவில் வெறும் வெள்ளை.

"நடுவுல ஒனக்கு எடம் விட்டுருக்கேன் தாயி. வெட்டிக் குடு. அப்புறந்தான் கட்டுவோம்."